காலைத் தொடாத அலை

2003-ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு ஜெர்மானிய ஆய்வு வெளியானது. தீராத குதிகால் வலியோடு வந்த 272 பேர் அதில் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் குதிகால் மரத்துப்போக ஊசி போட்டார்கள். எல்லோர் காலிலும் ஒரே கருவியைத்தான் வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை, தடவைக்கு 4000 அதிர்வுகள். பாதிப் பேருக்கு மட்டும் கருவியின் முகப்பில் காற்று அடைத்த பாலித்தீன் உறை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதிர்வலை காற்றுக்குள் ஊடுருவாது. உறையில் பட்டுத் திரும்பிவிடும். கருவி ஓடியது, நேரமும் கழிந்தது, அலை மட்டும் காலைத் தொடவில்லை. தமக்குக் கிடைத்தது அலையா, உறையா என்று நோயாளிகளுக்குத் தெரியாது.

12 வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். அலை பட்டவர்களில் 34 சதவீதம் பேருக்குச் சிகிச்சை வெற்றி. அலை படாதவர்களில் 30 சதவீதம்.

அந்த 30 சதவீதம் என்பது 39 மனிதர்கள். ஒன்றுமே படாத காலில் வலி குறைந்து நடந்து போனவர்கள். இந்த 39 பேரை முன்னால் வைத்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவர்கள் பெற்ற நிவாரணம் உண்மையானதா? உண்மையானது என்றால், அந்த உறையை மாட்டிய கருவியை ஒரு மருத்துவர் நாளைக்குத் தன்னிடம் வருபவரின் காலில் தெரிந்தே வைக்கலாமா? முதல் கேள்விக்கு மருத்துவம் ஓரளவு பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி அறம் சார்ந்தது. சமயங்களும் தத்துவங்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. மருத்துவர்கள் அதை பிளான்டார் ஃபேஸியா என்பார்கள். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அது. அது எலும்போடு சேரும் இடம் நைந்துபோனால், காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஆணி இறங்குகிறது. நாலு எட்டு நடந்தால் சற்றுத் தணியும். நாள் முழுக்க நின்றால் மாலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஜவுளிக்கடை ஊழியர்கள் எல்லோரும் இந்த வலியை அறிவார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. குதிகாலுக்கு அது செய்திருக்கும் நன்மையைத் தனியாகவே எழுத வேண்டும்.

நம் வீடுகளில் இதற்குச் செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் பழுத்த எருக்கிலையைப் போட்டு, பொறுக்கும் சூட்டில் குதிகாலை ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். ஆங்கில மருத்துவத்தில் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சி, மெத்தென்ற காலணி, வலிமாத்திரை, ஸ்டீராய்டு ஊசி என்று படிப்படியாகப் போவார்கள். வீக்கமும் அழற்சியும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2003-இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி லெமான்ட், அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து, அங்கே அழற்சியின் அடையாளம் இல்லை, சிதைவுதான் இருக்கிறது என்று காட்டினார். எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி வேறொன்று: இந்த வலி வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஓராண்டு வாக்கில் தேறிவிடுகிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமலே.

தேறாமல் மிஞ்சுகிறவர்கள்தான் ஷாக்வேவ் தெரபி எனும் அதிர்வலைச் சிகிச்சைக்கு வருகிறார்கள். பெயரைக் கேட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று பயப்படுவோர் உண்டு. இதில் மின்சாரம் உடம்பில் ஏறுவதில்லை; பாய்வது அழுத்த அலை. இதன் பிறப்பு மருத்துவமனையில் நடக்கவில்லை. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின் உடலில் மழைத்துளிகள் ஏன் குழி பறிக்கின்றன என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம் ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த கருவியைக் கொண்டு 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌஸியின் குழு ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தி வைக்காமல் உடைத்தது. பிறகு அதே அலையைக் கூடாத எலும்பு முறிவுக்கும் தசைநாணுக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2000 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., நாள்பட்ட குதிகால் வலிக்கு இதைப் பயன்படுத்த அனுமதித்தது.

இன்று சென்னையிலும் கோவையிலும் பிசியோதெரபி மையங்களில் இருப்பது பெரும்பாலும் 'ரேடியல்' வகைக் கருவி. நோயாளி குப்புறப் படுத்துக் காலைத் தொங்கவிடுகிறார். குதிகாலில் ஜெல் தடவுகிறார்கள். கைத்துப்பாக்கி வடிவக் கருவிக்குள் அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறிய உலோகக் குண்டைத் தள்ள, அது முனைத்தகட்டில் போய் மோதுகிறது. டக்டக்டக்கென்று விடாத சத்தம். ஒரு அமர்வுக்கு ஏறக்குறைய 2000 அடி. வலிக்கிற புள்ளி எதுவென்று கேட்டுக் கேட்டு, அங்கேயே முனையை நிறுத்தி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார் பிசியோதெரபிஸ்ட். பலர் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று அமர்வுகள் என்பது வழக்கமான முறை.

இது வேலை செய்கிறதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மெல்போர்னில் 166 பேரிடம் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், 100 புள்ளி அளவுகோலில் வலி 12 வாரத்தில் சிகிச்சைப் பிரிவில் 26.3 குறைந்தது, பெயரளவுக்கு மிகச் சன்னமான அலை கொடுத்த பிரிவில் 25.7. வித்தியாசமே இல்லை. 2008-இல் கெர்டெஸ்மேயர் குழுவினர் ரேடியல் கருவியை வைத்துச் செய்த ஆய்வு எதிர்த்திசையில் நின்றது: உண்மைச் சிகிச்சையில் 61 சதவீதம் பேருக்குப் பலன், போலிச் சிகிச்சையில் 42.2 சதவீதம். 2024-இல் ஆஸ்லோவிலிருந்து வந்த ஆய்வில் 200 பேர். முறையான ஆலோசனையும் காலுக்கேற்பச் செய்த காலணி அட்டையும் கொடுத்த பிறகு, அதற்குமேல் ரேடியல் அலை எந்தக் கூடுதல் பலனும் தரவில்லை என்று அது முடித்தது. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-லேயே, பெரிய ஆபத்து இல்லை, பலன் குறித்த சான்றுகள் முரண்படுகின்றன, ஆகவே நோயாளியின் சம்மதத்துக்குத் தனி ஏற்பாடு செய்துகொண்டுதான் இதைக் கையாள வேண்டும் என்று வழிகாட்டியது.

ஆகவே ஷாக்வேவை மோசடி என்று தள்ளுவது நியாயமில்லை. சிலருக்குச் சில கருவியில் சிறிது பலன் இருக்கக்கூடும். அதே 2008 ஆய்வில் போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 42 பேர் தேறியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவர்கள் ஏன் தேறினார்கள்? ஒரு பங்கு காலத்தினுடையது. நோய் தன் போக்கில் ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு பங்கு, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியரைத் தேடுகிறார் என்பதில் இருக்கிறது. உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். மூன்றாவது பங்கு நம்பிக்கையினுடையது, இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1978-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்துச் சத்தே இல்லாத வெறும் மருந்து கொடுத்து வலி குறைந்தவர்களுக்கு, உடலே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்தபோது வலி திரும்பக் கூடியது. அதாவது, நம்பியவரின் உடம்பு உண்மையாகவே ஒரு மருந்தைச் சுரந்திருந்தது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. டென்மார்க்கின் ஹ்ரோபியார்ட்சனும் கோட்சேயும் 2001-இல் 114 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, வெறும் மருந்தின் ஆற்றல் நாம் நினைப்பதைவிடச் சிறியது, வலி போன்ற உணர்வுகளில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றார்கள். குதிகால் நோய் வலியின் நோய் என்பதால், அந்தக் கொஞ்சம் இங்கே பொருட்படுத்த வேண்டியதாகிறது.

நோவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவில் ஒரு விசித்திரத்தை இங்கே சொல்ல வேண்டும். 2005-இல் ரோம்பே குழுவினர், உண்மையான அலையையே இரண்டு பிரிவுக்கும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் காலை மரத்துப்போகச் செய்தார்கள். வலியை உணர்ந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. நரம்பு விழித்திருந்தால்தான் அலை வேலை செய்யும் என்பது ஒரு விளக்கம். நோவைப் பொறுத்தவருக்கு, தமக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற உறுதி பிறக்கிறது என்பதும் விளக்கமாகலாம். உடலை வருத்தினால் பேறு கிட்டும் என்ற எண்ணம் பல சமயங்களிலும் ஆழமாக வேரோடியிருக்கிறது. கடுந்தவத்தால் உடம்பு எலும்பாகிய பிறகு புத்தர் அந்த வழியைக் கைவிட்டதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. நோவு தாங்கியதை நோய் தீர்ந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. நோயாளியின் நன்மைக்காக வைத்தியர் மறைக்கலாம் என்ற கருத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. பிளேட்டோ 'குடியரசு' நூலில் பொய்யை மருந்தாகக் கருதி, தகுதியுள்ளவர் கையில் மட்டும் கொடுக்கலாம் என்கிறார். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் மாணாக்கருக்குச் சொல்லும் உறுதிமொழி, நோயாளியைக் கலங்கடிக்கும் என்றால் நெருங்கும் மரணத்தை அறிவிக்காதே என்கிறது. 1807-இல் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய கடிதமொன்றில், தாம் அறிந்த வெற்றிகரமான மருத்துவர் ஒருவர் மற்ற எல்லா மருந்தையும்விட ரொட்டி மாத்திரையையும் வண்ணத் தண்ணீரையுமே அதிகம் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார்.

மகாயான பௌத்தத்தின் தாமரைச் சூத்திரம் 16-ஆம் அத்தியாயத்தில் ஒரு வைத்தியரின் கதை வருகிறது. அவர் வெளியூர் போயிருந்தபோது பிள்ளைகள் நஞ்சைக் குடித்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவர் மருந்து தயாரித்துக் கொடுக்கிறார். புத்தி கலங்கிய பிள்ளைகள் குடிக்க மறுக்கிறார்கள். மருந்தை வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய், 'உங்கள் அப்பா இறந்துவிட்டார்' என்று ஆளனுப்புகிறார். துயரத்தில் தெளிந்த பிள்ளைகள் மருந்தைக் குடித்துப் பிழைக்கிறார்கள். அப்பா திரும்பி வருகிறார். பொய் சொன்னார் என்று இவர்மேல் பழி சுமத்த முடியுமா என்று புத்தர் கேட்க, முடியாது என்கிறார்கள் சீடர்கள். இந்தக் கதையைப் போலிச் சிகிச்சைக்கு ஆதரவாகக் காட்டுவோர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கதையில் பொய் இருந்தது, மருந்தும் இருந்தது. பொய்யின் வேலை மருந்தை வாயில் சேர்ப்பது மட்டும்தான். வேலை முடிந்ததும் அப்பா உயிரோடு வந்து நின்று பொய்யைத் தானே கலைத்துவிட்டார்.

எதிர்ப்பக்கத்தில் உறுதியாக நின்றவர் புனித அகஸ்டின். பொய்யை மறுத்து எழுதிய தம் நூலில் அவர் மிகக் கடினமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறார்: சாகும் நிலையில் கிடக்கும் தகப்பன், மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கிறான்; மகன் இறந்துவிட்டான்; சொன்னால் தகப்பன் தாங்கமாட்டான். தம் மனம் அசைவதை அகஸ்டின் ஒத்துக்கொள்கிறார். அப்படியும் பொய்யை அனுமதிக்கவில்லை. இரக்கத்தின் பேரால் ஒரு கதவைத் திறந்தால் அதன் வழியே எதெல்லாம் நுழையும் என்பதே அவர் கவலை.

வள்ளுவர் இந்த இரு தரப்புக்கும் நடுவே நிற்பதாகப் பலர் எண்ணுவார்கள். வாய்மை அதிகாரத்தில் அவர் பொய்க்கு ஓர் இடம் விடுகிறார், உண்மைதான். அது பழுதில்லாத நன்மையைத் தந்தாக வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையையும் கூடவே வைக்கிறார். குதிகாலுக்குச் சொல்லும் பொய் இந்த நிபந்தனையைத் தாண்டுமா? அதற்குக் காசு செலவாகிறது. செலவில்லாத நீட்டல் பயிற்சி அதனால் பின்தள்ளப்படுகிறது. தேறாதவர் தன் காலையே குறை சொல்லிக்கொள்கிறார். பின்னொரு நாள் உண்மை தெரிய வந்தால், அவர் அடுத்த மருத்துவர் சொல்லும் மெய்யையும் நம்பமாட்டார். இத்தனை பழுதுள்ள நன்மையை வள்ளுவர் கணக்கில் சேர்க்க முடியாது.

காந்தியின் 'சத்திய சோதனை'யில் ஒரு நிகழ்ச்சி உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கஸ்தூர்பா அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிகவும் தளர்ந்து கிடந்தார். மருத்துவர் நல்லவர், குடும்ப நண்பர். ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்த காந்திக்குத் தொலைபேசியில் பேசி, மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க அனுமதி கேட்டார். பேசும் நிலையில் இருந்தால் கஸ்தூர்பாவையே கேளுங்கள் என்றார் காந்தி. டர்பன் வந்து சேர்ந்தபோது, தொலைபேசியில் கேட்பதற்கு முன்பே சாறு கொடுக்கப்பட்டுவிட்டது தெரிந்தது. இது ஏமாற்று என்று காந்தி சொன்னதற்கு, உயிரைக் காப்பாற்ற நோயாளியை ஏமாற்றுவதை நாங்கள் புண்ணியமாகவே கருதுகிறோம் என்ற பொருளில் மருத்துவர் பதில் சொன்னார். கடைசி முடிவு கஸ்தூர்பாவினுடையது. சாறு வேண்டாம், இங்கிருந்து அழைத்துப் போங்கள் என்றார். தூறும் மழையில் அங்கிருந்து காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார், பிழைத்தும் கொண்டார். அவர் பிழைக்காமல் போயிருந்தாலும், அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையதாகவே இருந்திருக்கும்.

நம்பிக்கையால் வரும் ஆறுதலை இழிவாகப் பேசுவது இந்தக் கட்டுரையின் நோக்கமாக இருக்க முடியாது. வைத்தீஸ்வரன் கோயிலிலும் வேளாங்கண்ணியிலும் கால் உருவம் பொறித்த தகடுகளை மக்கள் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். கிரேக்க நாட்டில் கொரிந்து நகரில் மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியஸின் கோயிலைத் தோண்டியபோது சுட்ட மண்ணில் செய்த கால்களும் கைகளும் குவியலாகக் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வேண்டுதல். தகடு போடுபவருக்கு, தாம் செய்வது வேண்டுதல் என்று தெரியும். அவர் நம்பிக்கையை அவரே எடுத்துக் கொடுக்கிறார். உறை மாட்டிய கருவியின் கீழ்ப் படுத்திருப்பவரிடமிருந்தோ அதே நம்பிக்கை, அவருக்குத் தெரியாமல் எடுக்கப்படுகிறது. ஆய்வில் பங்கேற்றவர்களிடமாவது போலிச் சிகிச்சையும் கிடைக்கலாம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குகிறார்கள். கட்டணம் கட்டி வருபவரிடம், சான்று இல்லாத உறுதியை விற்பது அதைவிடக் கீழான செயல்.

ஏமாற்றாமல் நம்பிக்கையின் பலனைப் பெற வழியில்லையா என்றால், இருக்கிறது. ஹார்வர்டின் டெட் கப்சுக் 2010-இல் குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினரிடம், இது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுத்தார். 59 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை ஏதும் பெறாத பிரிவில் 35 சதவீதம். சிறிய ஆய்வுதான், மூன்றே வாரம்தான். பொய் இல்லாவிட்டால் ஆறுதலும் இல்லை என்ற பழைய வாதத்தை அசைக்க அது போதும். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1903-இல், பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் தாம் ரொட்டி மாத்திரைப் பழக்கத்தில் பயின்று வந்தவர் என்பதை மறைக்காமல் எழுதி, நன்மையைவிடத் தீமையை அதிகம் செய்யாத பொய் எதையும் தாம் இதுவரை பார்க்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

நோய் தீர்வதற்கு நான்கு கூறுகள் வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்லும்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர். அலை படாத அந்த 30 சதவீதம் பேரைத் தேற்றியதில் மருந்துக்குப் பங்கில்லை. மற்ற மூவருக்கும் இருந்திருக்கலாம். காலைக் கையில் ஏந்தி, எங்கே வலிக்கிறது என்று பொறுமையாகக் கேட்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, பொய்யும் தேவையில்லை.

ஷாக்வேவ் கருவி வைத்திருக்கும் மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாளே, ஜெல் தடவுவதற்கு முன், இப்படிச் சொல்லுங்கள்: 'அம்மா, இந்த வலி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள தானாவே குறைஞ்சிடும். முதல்ல சில மாசம் தினமும் காலை நீட்டிப் பயிற்சி பண்ணுங்க, நல்ல செருப்பு போடுங்க. அப்படியும் போகலன்னா இந்த மெஷின் இருக்கு; சில ஆய்வுல பலன் தெரிஞ்சிருக்கு, சிலதுல தெரியல. வலிக்கும், செலவும் ஆகும், வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.' கேட்டுவிட்டு அந்த அம்மா படுக்கையில் ஏறினாலும் சரி, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாலும் சரி, அது அவருடைய முடிவு. சொல்லாமல் கருவியை எடுப்பவரிடம், வாசகர்களே, நீங்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.